அட்டைப்பெட்டி விரிச்சு புல்லுத் தரைய காய்கறிப் பாத்தியா மாத்தறது எப்படி

வீட்டச் சுத்தி கொஞ்சம் காலி இடம் இருக்கு, கத்திரி, மிளகாய், கீரைன்னு ஏதாவது போடலாம்னு ஆசை, ஆனா இறங்கிப் பாத்தா முழங்கால் அளவுக்குப் புல்லு. மண்வெட்டிய எடுத்து ரெண்டு நாள் இடுப்பொடியக் கொத்திப் போட்டா பதினஞ்சே நாள்ல முன்ன இருந்தத விட அடர்த்தியா நிக்கும். மதுரைக்கு வெளிய வீடு கட்டி வந்த புதுசுல நானும் இப்படித்தான் கொத்திக்கிட்டே இருந்தேன். கொத்தக் கொத்த அருகம்புல் வேர் துண்டு துண்டா போகுது, ஒவ்வொரு துண்டும் ஒரு புதுச் செடி, கூடவே அடி மண்ணுல தூங்கிட்டு இருந்த களை விதையெல்லாம் வெளிச்சம் பட்டு முளைக்குது. நம்மளே களைய நட்டு வளத்த மாதிரி ஆயிருதுங்க.

கொத்தாம பண்ற வழி ஒண்ணு இருக்கு. புல்லு மேலயே அட்டைப்பெட்டிய விரிச்சு, நனச்சு, அதுக்கு மேல நல்லா மக்கின எருவப் போட்டு, அதுக்கும் மேல வைக்கோலோ சருகோ போட்டு மூடறது. கீழ இருக்கற புல்லுக்கு வெளிச்சம் போகாது, இலைய வச்சு சோறு பொங்க முடியாது, வேர்ல சேத்து வச்சிருக்கறத தின்னு தீத்துட்டு செத்து மக்கிரும். அட்டையும் நம்ம ஊரு சூட்டுக்கும் ஈரத்துக்கும் மூணு நாலு மாசத்துல மண்ணோட மண்ணா போயிரும். மண்ண வெயில் படாம மூடி வைக்கற மூடாக்குங்கற வார்த்தை நமக்குப் புதுசு இல்ல, இயற்கை விவசாயி நம்மாழ்வார் ஐயா ஊர் ஊராப் போய் இதத்தான் பேசினாரு. அந்த மூடாக்குக்கு அடியில அட்டைங்கற ஒரு திரையச் சேக்கறோம், அவ்வளவுதான். திரைன்னு சொன்னத மனசுல வச்சுக்கோங்க, ஏன்னா இத ட்ரை பண்ணிட்டு “வேலைக்கு ஆகல”ன்னு விட்டவங்க நிறைய பேரு அட்டை மேலயே மொத்த நம்பிக்கையையும் வச்சுட்டு எருவுலயும் ஓரத்துலயும் கைய சுருக்கினவங்கதான்.

எப்ப ஆரம்பிக்கலாம்

ஆடி மாசம் ரொம்ப நல்ல நேரம். ஜூலை கடைசி, ஆகஸ்ட்ல போட்டு வச்சீங்கன்னா அப்பப்ப வர்ற மழையில அட்டை ஊறி இளக ஆரம்பிச்சிரும், ஐப்பசி மழை பிடிக்கறதுக்குள்ள நாத்து வேர் பிடிச்சிருக்கும். கோடையிலயும் போடலாம், ஆனா தண்ணி வசதி இருக்கணும், காஞ்சு போன அட்டை தகரம் மாதிரி விறைச்சுக்கிட்டு மேல விழுற தண்ணிய சைடுல வழிய விட்டுரும். ஐப்பசி கார்த்திகை அடைமழையில மட்டும் புதுசா ஆரம்பிக்காதீங்க, தண்ணி தேங்கற இடமா இருந்தா அட்டைக்கு அடியில காத்தே இல்லாம நாறிப் போயிரும்.

எவ்வளவு பெருசு

முதல் தடவைக்கு 4 அடி அகலம், 10 அடி நீளம் போதும். 4 அடிங்கறது ரெண்டு பக்கமும் நின்னு கைய நீட்டினா நடு வரைக்கும் எட்டற அளவு, பாத்திக்குள்ள காலே வைக்க வேண்டியதில்ல, மண்ணு இறுகாது. ஒரு நாளைக்கு 6 மணி நேரமாவது வெயில் விழற இடமா பாருங்க.

இடத்தத் தேர்ந்தெடுத்ததும் ஒரு கடப்பாரைய எடுத்து நாலஞ்சு இடத்துல குத்திப் பாருங்க. புதுசா கட்டின வீடுன்னா இத விட்டுராதீங்க, ஏன்னா வேலை முடிஞ்சு போறப்ப சிமெண்ட் கட்டி, செங்கல் துண்டு, டைல்ஸ் உடைசல் எல்லாத்தையும் மண்ணு போட்டு மூடிட்டுத்தான் போவாங்க. டங்குன்னு சத்தம் வந்தா அதையெல்லாம் பொறுக்கி எடுத்தாகணும், கிராவல் கொட்டி ரோலர் ஓட்டின இடம்னா கடப்பாரையால அடிக்கு ஒரு குழி குத்தி லேசா அசைச்சு விடுங்க, புரட்ட வேண்டாம். வேர் இறங்கறதுக்கும் மழைத்தண்ணி இறங்கறதுக்கும் அந்த ஓட்டை போதும்.

அட்டை சேக்கறது

40 சதுர அடி பாத்திக்கு 40 சதுர அடி அட்டை பத்தாது. நாலு பக்கமும் ஒரு அடி வெளிய நீட்டணும், அப்ப 6க்கு 12, அதாவது 72 சதுர அடி, ஒண்ணு மேல ஒண்ணு ஏறி உக்கார்றதுக்கும் சேத்தா 90 சதுர அடி கிட்ட வரும். சின்ன ஃபிரிட்ஜ் பெட்டி ஒண்ண நாலு பக்கமும் பிரிச்சா 40 சதுர அடி கிடைக்கும், அப்படி ரெண்டும் கூட ஒரு வாஷிங் மெஷின் பெட்டியும் இருந்தா வேலை முடிஞ்சுது. பெரிய பெட்டியா தேடறதுக்குக் காரணம் இருக்கு, துண்டு எவ்வளவு கம்மியோ இடுக்கும் அவ்வளவு கம்மி. வீட்டு சாமான் விக்கிற ஷோரூம்ல கேட்டா சில பேரு சும்மாவே குடுப்பாங்க, இல்லன்னா பழைய பேப்பர் கடை அண்ணன் கிட்ட முன்கூட்டியே சொல்லி வச்சா எடை போட்டுக் குடுத்துருவாரு.

எந்த அட்டை வேணும்னா, காக்கிக் கலர்ல நடுவுல அலை அலையா மடிப்பு இருக்கற சாதா அட்டை. பளபளன்னு லேமினேஷன் பண்ணது, கலர் கலரா முழுசும் அச்சடிச்சது, மெழுகு பூசினது, எண்ணெய் புடிச்ச சாப்பாட்டு டப்பா, இதெல்லாம் வேண்டாம். டவுட்டா இருந்தா ஒரு ஓரத்த தண்ணியில முக்கி கிழிச்சுப் பாருங்க, மெல்லிசா பிளாஸ்டிக் தோல் மாதிரி உரிஞ்சு வந்தா ஒதுக்கிருங்க.

அடுத்தது டேப். இதுல சோம்பல் படாதீங்கன்னு கெஞ்சிக் கேட்டுக்கறேன். பிரவுன் டேப் மக்கவே மக்காது, நாலு மாசம் கழிச்சு அட்டை இருந்த இடமே தெரியாது, டேப் மட்டும் பாம்புச் சட்டை மாதிரி மண்ணுக்குள்ள கிடக்கும், அப்புறம் சின்னச் சின்னதா நொறுங்கி நாம தின்னப் போற மண்ணுலயே கலந்துரும். காய்ஞ்ச அட்டையில உரிக்கறது கஷ்டம், நகம்தான் போகும். அதனால ஒரு தொட்டியிலயோ தரையிலயோ போட்டு தண்ணி ஊத்தி கால் மணி நேரம் ஊற விட்டுருங்க, டேப் தானா வழுக்கிக்கிட்டு வரும். ஆப்பிள் பெட்டி மாதிரி பழப்பெட்டின்னா மூலைக்கு மூலை பெரிய பெரிய பின் அடிச்சிருப்பாங்க, கட்டிங் பிளேயர் வச்சு ஒண்ணு விடாம பிடுங்குங்க, பின்னாடி அந்த மண்ணுல கைய விடப் போறது நீங்களும் உங்க பிள்ளைங்களும்தான்.

தரையத் தயார் பண்றது

புல்ல பிடுங்க வேண்டாம், அரிவாளால ஒட்ட அறுத்து அங்கயே படுக்கப் போடுங்க. பச்சையா இருக்கறது கீழ கிடந்து மக்கினா மண்புழுவுக்குச் சாப்பாடு. பூ எடுத்து விதை கட்டின பார்த்தீனியம் இருந்தா மட்டும் கையுறை போட்டு வேரோட பிடுங்கி வெளிய போட்டுருங்க.

இப்ப கோரை. கோரை இருக்கற இடத்துக்கு அட்டை மட்டும் போதாதுங்க, இத முதல்லயே தெரிஞ்சுக்கணும். வயக்காட்டுல தக்காளிக்கும் தர்பூசணிக்கும் போடறாங்களே மல்ச்சிங் ஷீட், அந்த பிளாஸ்டிக்கையே ஊசி மாதிரி குத்திக்கிட்டு வெளிய வர்ற ஜாதி அது, ஊறின அட்டை எம்மாத்திரம். மண்ணுக்கு அடியில கிழங்கு கிழங்கா சங்கிலி கோத்த மாதிரி இருக்கும், மேல இழுத்தா தாள் மட்டும் அறுந்துக்கிட்டு வரும். பாத்தி போடற 40 சதுர அடியில மட்டுமாவது, மழை பெஞ்சு மண்ணு இளகி இருக்கறப்ப, களைக்கொத்திய ஆழமா விட்டு நெம்பி கிழங்கோட எடுத்துருங்க, ரெண்டு வாரம் விட்டு மறுபடி வந்தத எடுங்க. மிச்சம் இருக்கறது அட்டைய மீறி வரத்தான் செய்யும், ஆனா மேல போட்ட எரு பொலபொலன்னு இருக்கறதால அப்ப இழுக்கறது சுலபம், முளை வந்த அன்னைக்கே இழுத்துக்கிட்டே இருந்தா கிழங்குல இருக்கற சத்து தீந்து ஓஞ்சுரும். எங்க பாத்தியில அது ஓய ஒரு முழு வருஷம் ஆச்சு.

அருகம்புல்லோட குணம் வேற. அட்டைக்கு அடியில இருக்கறது பெரும்பாலும் செத்துரும், ஆனா வெளியில இருக்கறது ஓரமா ஓடி உள்ள வந்துரும், மண்ணுக்கு மேலயும் கொடி ஓடும், அடியிலயும் ஓடும். அதுக்குத்தான் அட்டைய ஒரு அடி வெளிய நீட்டச் சொன்னேன். அதோட அட்டை முடியற ஓரத்த ஒட்டி சுத்தி வர நாலு விரக்கடை அகலத்துல அரை அடி ஆழத்துக்கு ஒரு சின்ன காவா வெட்டி விட்டுருங்க, ஓடி வர்ற கொடி காவாயில தொங்கறப்ப கண்ணுக்குத் தெரியும், அறுத்து விட்டா முடிஞ்சுது. செங்கல், ஹாலோ பிளாக் வச்சு ஓரம் கட்டினா பாக்க அழகாத்தான் இருக்கும், ஆனா அருகு அந்தக் கல்லுக்கு அடியில பூந்து ஒளிஞ்சுக்கும், எடுக்கவே முடியாது. அருகு இருக்கற இடத்துல காவாதான் சரி.

விரிக்கறது

முந்தின நாளு தரைய நல்லா நனைச்சு விடுங்க, கீழ மண்ணு காஞ்சு கிடந்தா அட்டை போட்டதுக்கப்புறம் அங்க ஈரம் போக நாளாகும். வசதி இருந்தா ரெண்டு கை சாணிய ஒரு பக்கெட் தண்ணியில கரைச்சுத் தெளிங்க, வேப்பம் புண்ணாக்கு ஒரு கிலோ வாங்கிப் பரவலா தூவுங்க.

அட்டைய ஒரு ஓரத்துல இருந்து விரிச்சுக்கிட்டே வாங்க, ஒண்ணு மேல ஒண்ணு அரை அடியாவது ஏறணும். பெட்டி மூடற மடிப்பு, கைப்பிடி ஓட்டை, இதெல்லாம் இருக்கற இடத்துல இன்னொரு துண்ட வச்சு மறைங்க. ஒரு விரல் அளவு இடுக்கு இருந்தா போதும், புல்லு அந்த வெளிச்சத்தக் கண்டுபிடிச்சு வந்துரும். ஒரே ஒரு அடுக்கு போதும், ரெண்டு மூணு அடுக்கு போட்டா இன்னும் நல்லதுன்னு நினைக்காதீங்க. அமெரிக்காவுல வாஷிங்டன் ஸ்டேட் யுனிவர்சிட்டியோட தோட்டக்கலை நிபுணர் லிண்டா சாக்கர்-ஸ்காட் அட்டையே வேண்டாம், மண்ணுக்குள்ள காத்துப் போறத அது தடுக்குது, மரச்சீவல கனமா போட்டாலே போதும்னு சொல்றாங்க. அவங்க சொல்ற காரணம் நியாயமானதுன்னுதான் எனக்கும் படுது, ஆனா நம்ம பக்கம் அவ்வளவு மரச்சீவல் சல்லிசா கிடைக்காது, கிடைக்கற எருவும் சருகும் கொஞ்சம்தான், அத வச்சு மட்டும் அருகம்புல்ல அமுக்க முடியல. அதனால அட்டை உண்டு, ஆனா ஒரு அடுக்குதான், பிளாஸ்டிக் கலக்காதது, எப்பவும் ஈரமா, சீக்கிரம் மக்கிப் போற மாதிரி.

விரிச்சதும் ஹோஸ் புடிச்சு நனைங்க. லேசா தெளிச்சா பத்தாது, அட்டை கலர் மாறி, தொட்டா துணி மாதிரி தொய்ஞ்சு, தரையோட மேடு பள்ளத்துக்குத் தக்கன படிஞ்சு உக்காரணும். காத்து அடிக்கற நாளுன்னா விரிக்க விரிக்க நனைச்சு மேல ரெண்டு கல்ல வச்சுக்கிட்டே போங்க.

எரு, இங்கதான் கை தாராளமா இருக்கணும்

செடி முதல் ரெண்டு மாசம் வாழப் போறது அட்டைக்கு மேல இருக்கற இந்த அடுக்குலதான். குறைஞ்சது 3 இஞ்ச், முடிஞ்சா 4 இஞ்ச். 40 சதுர அடிக்கு 4 இஞ்ச்னா 13 கன அடி சொச்சம், லிட்டர் கணக்குல 375 கிட்ட வரும், வீட்டுல இருக்குற 20 லிட்டர் பெயிண்ட் பக்கெட்டுக்கு 19 பக்கெட். கேக்க அதிகமா தெரியும், ஆனா இத பாதியாக் குறைச்சா அட்டை சீக்கிரம் காயும், செடி வாடும், கோரை வந்து நிக்கும், அப்புறம் அட்டைய திட்டுவீங்க. எரு அவ்வளவுதான் இருக்குன்னா பாத்தி நீளத்த 5 அடியாக் குறைச்சுக்கோங்க, கனத்தக் குறைக்காதீங்க.

நல்லா மக்கின தொழு உரம், மண்புழு உரம், ஆட்டுப் புழுக்கை எரு எதுவா இருந்தாலும் சரி. மூணுல ஒரு பங்கு செம்மண்ணோ வண்டலோ கலந்துக்கிட்டா இன்னும் நல்லது, ஈரம் நிக்கும். மக்கினதுன்னு எப்படித் தெரியும்னா, கையில எடுத்து மோந்து பாருங்க, மழை பெஞ்ச மண்ணு வாசம் வரணும், சாணி வாசமோ சூடோ இருந்தா இன்னும் ஆகல. ஒரு தடவ நான் அவசரத்துல ஒருத்தர் கிட்ட டிராக்டர்ல எரு வாங்கிப் போட்டேன், பாக்க கருப்பா நல்லாத்தான் இருந்துச்சு, ஆனா முழுசா மக்காதது, மாடு தின்ன புல்லு விதையெல்லாம் உயிரோட இருந்துருக்கு. அட்டைக்கு அடியில இருந்து ஒண்ணும் வரல, மேல இருந்து பச்சைக் கம்பளம் விரிச்ச மாதிரி முளைச்சுது, தக்காளி நாத்து எது களை எதுன்னு தெரியல. அதுக்கப்புறம் வாங்கறதுக்கு முன்னாடி ஒரு தொட்டியில ரெண்டு கை எருவப் போட்டு தண்ணி ஊத்தி பத்து நாள் வச்சுப் பாக்கறேன், முளைப்பு நிறைய வந்தா வாங்கறதில்ல.

தேங்காய் நார்க்கழிவு, அதான் காயர் பித், சல்லிசா கிடைக்குதுன்னு அதையே நிரப்பிராதீங்க, மக்காத நார்க்கழிவுல சத்தும் கிடையாது உப்பும் இருக்கும், கழுவி மக்கினதா இருந்தா நாலுல ஒரு பங்கு வரைக்கும் கலக்கலாம்.

எரு மேல கடைசியா 2, 3 இஞ்சுக்கு மூடாக்கு. வைக்கோல், கரும்புச் சோகை, கடலைத் தோல், வேப்ப இலை புங்க இலைச் சருகு, எது பக்கத்துல கிடைக்குதோ அது. வெயிலு நேரா எருவ சுடக் கூடாது, அவ்வளவுதான் விஷயம்.

எப்ப, என்ன நடலாம்

அன்னைக்கே நடலாம். மூடாக்க விலக்கி எருவுல குழி பறிச்சு கத்திரி, மிளகாய், தக்காளி நாத்த வச்சுருங்க, அட்டையத் தொட வேண்டாம், வேர் கீழ போய்ச் சேர்றதுக்குள்ள அட்டை இளகிக் குடுத்துரும். பூசணி, சுரை, பீர்க்கு மாதிரி பெரிய விதை இந்த முறைக்குன்னே பொறந்தது, ஒரு இடத்துல கூடுதலா ரெண்டு பக்கெட் எருவக் குவிச்சு மூணு விதைய ஊனி விட்டா கொடி ஓடி மொத்த இடத்தையும் மூடிரும், நிழல்லயே மிச்சம் மீதி புல்லும் அடங்கிரும். முதல் பட்டத்துக்கு, அதாவது முதல் விதைப்புக்கு, எதப் போடலாம்னு கேட்டா நான் பூசணியத்தான் சொல்லுவேன்.

கீரை போடறதா இருந்தா அந்தப் பகுதியில மட்டும் வைக்கோல் போடாம வெறும் எரு மேல விதைச்சு லேசா மண்ணு தூவுங்க, முளைச்சு நாலு விரக்கடை வந்ததும் ஊடால சருகு போட்டுக்கலாம். முருங்கை, பப்பாளி, வாழைன்னா அட்டைய கத்தியால பெருக்கல் குறி மாதிரி கீறி விலக்கி, கீழ மண்ணுல குழி எடுத்துத்தான் வைக்கணும், கீறின இடத்துல எட்டிப் பாக்கற புல்ல ரெண்டு மூணு வாரம் கையால எடுத்துவிடுங்க. முள்ளங்கி, கேரட் மாதிரி கீழ இறங்கற காய் மட்டும் முதல் பட்டத்துல வேண்டாம், அட்டையில முட்டி கோணல் மாணலா போகும்.

தண்ணி விசயத்துல பழக்கத்த மாத்திக்கணும். தினமும் மேலாப்புல தெளிக்கறத விட ரெண்டு நாளைக்கு ஒருக்கா நிதானமா நின்னு ஊத்தறது நல்லது, விரல விட்டுப் பாத்தா அட்டை வரைக்கும் ஈரம் தெரியணும்.

கரையான், நத்தை, தேள்

நம்ம ஊர்ல அட்டைன்னு சொன்னதும் எல்லாரும் கேக்கற முதல் கேள்வி கரையான் வராதான்னுதான். வரும்ங்க. அட்டையும் அதுக்கு மரக்கட்டை மாதிரி சாப்பாடுதான், ஈரமா வச்சா வராதுன்னு சொல்றத நம்பி இருந்துராதீங்க. தோட்டத்துக்கு நடுவுல வந்தா பெரிய நஷ்டம் இல்ல, அதுவும் அட்டைய தின்னு மண்ணாக்கற வேலையத்தான் பாக்குது, நல்ல உயிரோட இருக்கற காய்கறிச் செடிய பெரும்பாலும் விட்டுரும். ஆனா வீட்டுச் சுவரு, மர நிலை, மரவேலி, இதுங்க கிட்ட அட்டை போகவே கூடாது, குறைஞ்சது 4 அடி தள்ளிப் போடுங்க. மாமரம், தென்னங்கன்னு மாதிரி இருக்கற மரத்தச் சுத்தி விரிக்கறதா இருந்தாலும் தண்டுல இருந்து ஒரு அடி விட்டுருங்க, எருவையும் தண்டோட அணைச்சுக் குவிக்காதீங்க, பட்டை அழுகிரும். வேப்பம் புண்ணாக்கு கொஞ்சம் தடுக்கும், முழுசா தடுக்காது.

மழைக்காலத்துல அட்டை ஓரத்துக்கு அடியில நத்தை தங்கும். பெரிய ஆப்பிரிக்க நத்தை இருக்கற ஏரியான்னா ராத்திரி டார்ச் எடுத்துட்டுப் போய் கையுறை போட்டுப் பொறுக்கி உப்புத்தண்ணி பக்கெட்டுல போட்டுருங்க, உப்ப மட்டும் பாத்தியில தூவாதீங்க. நத்தை தொந்தரவு ஜாஸ்தின்னா அந்த மாசம் மூடாக்கோட கனத்தக் குறைச்சு எரு தெரியற மாதிரி விடறது நல்லது.

அதே மாதிரி தேள், பூரான், சில சமயம் பாம்புக்கும் அந்த இருட்டும் குளிர்ச்சியும் பிடிக்கும். அட்டை ஓரத்த தூக்கிப் பாக்கணும்னா கைய விடாம ஒரு குச்சியால உங்களுக்கு எதிர்ப்பக்கமா தூக்குங்க, பிள்ளைங்களுக்கும் இத ஒரு தடவ செஞ்சு காட்டிருங்க.

அதுக்கப்புறம்

மூணு மாசம் கழிச்சு ஒரு மூலையில எருவ விலக்கி குச்சியால குத்திப் பாருங்க, தடையில்லாம இறங்குச்சுன்னா அட்டை வேலை முடிஞ்சுது. இன்னும் கெட்டியா இருந்தா அங்க தண்ணி பத்தலன்னு அர்த்தம், அந்த இடத்துல நாலஞ்சு ஓட்டை போட்டு நல்லா ஊத்துங்க. எக்காரணம் கொண்டும் பாதி மக்கின அட்டைய மண்வெட்டியால கொத்தி மண்ணோட கலக்காதீங்க. மேல கிடக்கற வரைக்கும் அது செடிக்கு ஒண்ணும் பண்ணாது, உள்ள கலந்தா அத மக்க வைக்கற நுண்ணுயிருங்க மண்ணுல இருக்கற தழைச்சத்த, அதான் நைட்ரஜன, எடுத்துக்கும், செடி இலை மஞ்சளாகி நின்னுரும். அப்படி ஏற்கனவே கலந்துட்டீங்கன்னா பயப்பட வேண்டாம், வாரம் ஒருக்கா சாணிக் கரைசலோ ஜீவாமிர்தமோ (சாணி, கோமியம், வெல்லம், பயறு மாவு கரைச்சு புளிக்க வச்சது) ஊத்திட்டு வாங்க, தட்டைப்பயறு கொஞ்சம் விதைச்சு விடுங்க, மெல்ல தேறிரும்.

எங்க பாத்தியில முதல் வருஷ பூசணிக் கொடிய அறுத்து எடுத்துட்டு கைய விட்டப்ப, கடப்பாரை இறங்காத அந்தத் தரையில மணிக்கட்டு வரைக்கும் கை போச்சு, ஒரு பிடி மண்ணுல மூணு நாலு மண்புழு. அன்னைக்கு எங்க அம்மாவக் கூப்பிட்டுக் காட்டினேன், அவங்க அந்த மண்ண மோந்து பாத்துட்டு கீழ போட மனசில்லாம ரொம்ப நேரம் கையிலயே வச்சிருந்தாங்க.

ரெண்டாவது வருஷம் அட்டை தேவைப்படாது. ஒவ்வொரு பட்டத்துக்கு முன்னாடியும் ஒரு இஞ்ச் எரு, அதுக்கு மேல சருகு, பழைய செடிய வேரோட பிடுங்காம தரையோட அறுத்து விடறது. காவாய மட்டும் மாசம் ஒரு தடவ சுத்தி வந்து, உள்ள எட்டிப் பாக்கற அருகங்கொடிய அறுத்துவிட்டுக்கிட்டே இருங்க.